பன்னிரண்டு கிலோ

அந்தப் பழைய சந்தை ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே எடைமேடையில் ஏற்றி, எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பும்போது மறுபடியும் நிறுப்பார்கள். திருட்டுச் சரக்கைப் பிடிக்க அந்தக் காலத்தில் வந்த வழக்கமாம்.

முப்பது வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்ட மனுஷி இதையெல்லாம் லேசில் நம்புவாளா? காலையில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் ஏறினாள். அறுபத்திரண்டு கிலோ.

சாயங்காலம் எழுபத்து நான்கு காட்டியது. கணவருக்கோ காலையில் இருந்த அதே எடை.

"யார் காதுல பூ சுத்துறீங்க? நான் ஒண்ணுமே வாங்கல," என்று வெறுங்கையை விரித்தாள். கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எடைக்காரர் சிரிக்கவில்லை. "பூட்டிக் கிடந்த கடைக்குள்ள எட்டிப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தா என்ன?"

"சரி, நீங்க மட்டும் எறங்குங்க."

இறங்கினாள். முள் பன்னிரண்டில் நின்றது. மேடையில் ஒன்றுமில்லை. கம்பி கிம்பி கட்டியிருக்கிறார்களா என்று அடியில் குனிந்து தேடினாள். அங்கும் ஒன்றுமில்லை.

"பஸ் கெளம்புது, வா," என்று கணவர் கையைப் பிடித்து இழுத்தார்.

நாலடி நடந்து, சந்தேகம் தீராமல் திரும்பிப் பார்த்தாள். முள் அப்போதுதான் பூஜ்யத்துக்கு இறங்கியது.