கடிதத்தின் கீழ் ஒரு பெயர்

"வைத்திலிங்கம் எழுதின கடிதத்தைப் போட்டது நீங்கதானே?"

சிங்களப் பொலிஸ் அதிகாரி தமிழ் நன்றாகக் கதைத்தார். பத்திரிகையின் வாசகர் கடிதப் பக்கத்தைப் பார்க்கும் நவரத்தினம் கதிரையை விட்டு எழுந்தார்.

"ஓம் சேர்."

"லொட்ஜில நாங்க பிடிச்ச தமிழ்ப் பெடியள் எங்க எண்டு அதில கேட்டிருக்கிறார். ஆள் வெள்ளவத்தையில அகப்பட்டிட்டார். கீழ வந்து, இவர்தான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

கீழே நின்ற ஜீப்புக்குள் ஒரு முதியவர் இருந்தார். ரொட்டிக்குக் குழைத்த மா கையில் இன்னும் காயவில்லை.

"தம்பி, எனக்குப் பேர் மட்டுந்தான் வைத்திலிங்கம். எழுத வாசிக்கத் தெரியாது. சொல்லுங்கோ ராசா."

ஓம் என்றால் நவரத்தினம் வீட்டுக்குப் போகலாம்.

"இவரில்லை சேர்."

"அப்ப எந்த வைத்திலிங்கம்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. கடிதம் பேரில்லாமத்தான் வந்தது. பேரில்லாட்டி ஆசிரியர் போட விடமாட்டார். அந்தப் பேர் நானே வைச்சது."

அதிகாரி ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். முதியவர் நவரத்தினத்தைக் கும்பிட்டுக்கொண்டே இறங்கப் போனார்.

"நீங்க இருங்க ஐயா," என்றார் அதிகாரி. "இவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்க."