‘மா’ மட்டும் பாக்கி

ஒன்றாம் வகுப்புப் பலகை எழுத்தொலிகளை அந்தந்தப் பிள்ளையின் அம்மா குரலில் சொல்லித்தரும். பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டால் அந்த எழுத்துக்குக் குரல் ஓய்ந்துவிடும், பிறகு வராது.

வகுப்பில் எல்லோரும் முடித்தாயிற்று. நிறைமதிக்கு மட்டும் ‘மா’ பாக்கி. கடைப் பெயர்களையெல்லாம் கடகடவென்று வாசிக்கிறவள், ‘மா’வைத் தொட்டு “பா” என்றாள்.

“மா,” என்று பொறுமையாகத் திருத்தியது பலகை.

“தெரிஞ்சுகிட்டே ஏன்டி தப்பா சொல்ற?” என்று அதட்டினார் ஸ்டெல்லா டீச்சர்.

“சரியா சொல்லிட்டா அம்மா பேச மாட்டாங்க மிஸ்.”

போன மாதம் அந்த அம்மாவின் சாவுக்குப் போய் மாலை போட்டு வந்தவர்தான் டீச்சர். மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவ தப்பா சொல்லு கண்ணு.”