புகார் பதிவான நேரம்

"நடக்கறதுக்கு முன்னாடியே எப்படிம்மா புகார் கொடுத்தீங்க?"

விசாரணைக் குழுத் தலைவி வசுமதி கேட்டது அவள் காதில் விழுந்தது. புத்தியில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

வசுமதி ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

டீம் லீடர் பிரசன்னா தேநீர் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் இடுப்பைப் பிடித்தது நேற்று மாலை நாலு மணிக்கு. தாளில், புகார் பதிவான நேரம் நேற்றுக் காலை பதினொன்றரை.

கண்டுபிடித்துச் சொன்னதே பிரசன்னாதான். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அவனை மாட்டிவிடப் பார்க்கிறாளாம்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புகார்கள் பதிவாகும் அலுவலக டேட்டாபேஸ் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அந்தப் பதினொன்றரை நமக்கு மாலை ஐந்து. பிரசன்னாவுக்கு இது தெரியாதா? வருஷக்கணக்காக அதைக் கட்டி மேய்ப்பவன். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான், பாவி.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். எந்தக் கை, எந்த இடம், எப்படித் திமிறினாள். சொல்லச் சொல்ல நாக்கு கூசியது. குழுவில் மூன்று பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். வசுமதியின் பேனா மட்டும் மூடி போட்டபடியே மேசையில் கிடந்தது.

அவள் வாதாடவில்லை.

மடிக்கணினியைத் திறந்து டேட்டாபேஸிடம் ஒரே ஒரு வரி கேட்டாள். இப்போது மணி என்ன?

என்டரைத் தட்டினாள்.

பதில் வந்தது. காலை ஒன்பதரை.

திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. குப்பைக்கூடையில் அவர்கள் தின்று போட்ட பிரியாணிப் பொட்டலங்கள், எலும்போடு.

"இதுபடி பாத்தா நீங்க யாரும் இன்னும் மதியம் சாப்பிடவே இல்ல, மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் சுவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

வசுமதியின் முகம் தெளிந்தது.

அப்பாடா, புரிந்துவிட்டது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்போ தப்பு சிஸ்டத்துலதான் இருக்கு."

"ஆமா மேடம்."

"இந்தப் புகார் பதியற பக்கத்துக்கு ப்ரோகிராம் எழுதினது யாரு?"

அவள் மூன்று முகங்களையும் பார்த்தாள்.

"நான்தான்."

வசுமதி பேனாவின் மூடியைக் கழற்றினார்.