ஷா தோட்டத்துச் சிவப்பு ரிப்பன்

முதல் சிவப்பு ரிப்பன் மிதந்து வந்தபோது, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த நான் குதித்தே விட்டேன்.

“சரின்னு சொல்லிட்டா!”

சைப்ரஸ் மரத்தடியில் தேநீர் கொதிக்கிற சமோவாரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டுகிற நாள் அது.

இரண்டாவது ரிப்பன் வந்தது.

அப்புறம் ஐந்தாறு ஒன்றாக வந்தன.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. புத்தாண்டுக்கு ஈரானில் எந்த வீட்டில் கோதுமை முளை வளர்த்தாலும் அதன் இடுப்பில் சிவப்பு ரிப்பன்தான் கட்டுவார்கள். பதிமூன்றாம் நாள் அதை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். வீட்டுப் பீடை அதோடு போய்விடுமாம்.

எங்கே போகிறது? என்னிடம்தான் வருகிறது.

இந்தத் தோட்டத்தைப் போட்ட ஷா கெட்டிக்காரர். ஊற்று மேட்டிலிருந்து மேல்குளத்தில் இறங்கும். அங்கிருந்து நடுமண்டபத்துக்குள் புகுந்து நாலாகப் பிரிந்து, நீல ஓடு பதித்த வாய்க்கால்களில் நீரூற்று நீரூற்றாகத் துள்ளிக்கொண்டு ஓடும். மோட்டார் கிடையாது, வெறும் சரிவுதான். கடைசியில் எல்லாம் ஒன்றுகூடி, வாய்க்கால் சுத்தம் செய்கிற என் கம்பி வலைக்கு வந்து நிற்கும்.

முளை போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம். காஷான் ஜனங்கள் அந்தப் பலகையிலேயே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போடுகிறார்கள். வாரியால் இழுத்தால் பழைய ஓடு கீறிவிடும், கையால்தான் எடுக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அடுத்த வீட்டு முளையைத் தொட்டால் அந்த வீட்டுப் பீடை தொட்டவனுக்கு. நான் வருஷா வருஷம் தொடுகிறேன்.

மஹ்லகாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அம்மா அக்தஸ் கானூம் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“ஊர்ப் பீடையெல்லாம் கையால அள்ளுறவனுக்கா என் பொண்ணு? நல்லா இருக்கே நியாயம்!”

மஹ்லகா அன்றைக்குத் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் தோட்டத்து வாசலில், அவள் கடையில், பன்னீர் ஐஸ்கிரீமை என் கையில் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“யோசிக்கணும், ஃபரமர்ஸ். சரின்னா பதிமூணாம் நாள் மேல்குளத்துல சிவப்பு ரிப்பன் கட்டி முளை ஒண்ணு விடுறேன். நேரா உங்க கைக்கு வந்துரும்.”

ராணி மேல்குளத்தில் ரோஜாப்பூவை விட்டால் அது மண்டபத்தில் இருக்கிற ஷாவின் காலடிக்கு வந்து நிற்குமாம். டிக்கெட் கிழிக்கிற நோஸ்ரத் டூரிஸ்டுகளிடம் அவிழ்த்துவிடுகிற புளுகு இது. அதைக் கேட்டுத்தான் அவளுக்கு இந்த யோசனை வந்திருக்கும். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது வலை முழுக்கச் சிவப்பு.

ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோனேன். அவளுடையது என்றால் பன்னீர் வாசம் அடிக்குமே! அடித்தது. எல்லாவற்றிலும் அடித்தது. பன்னீர் காய்ச்சுகிற காஷானில் எதில்தான் அடிக்காது?

சரி போ, எல்லாமே அவள் விட்டதுதான் என்று வைத்துக்கொண்டேன். அள்ள அள்ளச் சிரிப்பு வந்தது. எந்த மாப்பிள்ளைக்கு இத்தனை ‘சரி’ கிடைத்திருக்கும்? ஒரு கட்டு முளையை அள்ளி முத்தம்கூடக் கொடுத்தேன். மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்தஸ் கானூம் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குனிந்திருந்த என் தலைக்கு நேராக, வாய்க்கால் கரையில், ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு வந்து நின்றது.

“இதுல எது உங்களது?” என்றேன். குரல் கிரீச்சிட்டது.

“எதுவும் இல்ல. நான் விடவே இல்ல.”

கையில் இருந்த கட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. கண் கரித்தது. இவ்வளவு நேரம் சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“கொண்டுதான் வந்தேன். விடக் குனிஞ்சேன். விட்டா என் பீடையையும் நீங்கதானே அள்ளணும்?”



மஹ்லகா செருப்பைக் கழற்றினாள். சட்டைக் கையை மடித்துவிட்டு வலைப் பக்கம் மண்டி போட்டாள். அங்கே யாரோ வீட்டு முளை சுற்றிக்கொண்டிருந்தது.

“ஐயோ, தொடாதேடீ!” சமோவார் சாய, அக்தஸ் கானூம் எழுந்து ஓடிவந்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் மஹ்லகா தொட்டுவிட்டாள். இரண்டு கையாலும், முழங்கை வரைக்கும்.