கடைசித் தாள்

"கொன்னது யாருன்னு தெரியாம இங்கன ஒருத்தருக்கும் சோறு எறங்காது. எடுத்தவக மரியாதையாக் குடுத்திருங்க" என்றார் சோணைமுத்து.

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில், வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டும் ஷெட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. கொலை நடந்தது லண்டனில், நூறு வருடத்துக்கு முன்னால். குழாய்க்கென்று லோடில் வந்த பழைய தாள் கட்டுக்குள், அட்டை இல்லாமல் கிடந்த துப்பறியும் கதை அது. பொன்மணி அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கொஞ்சம் வாசிப்பாள். இன்றைக்கு முடிவு. பார்த்தால் கடைசித் தாளைக் காணோம்.

பனிமூட்டமும் குதிரை வண்டியும் கண்டிராத முப்பது பேர் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தச் சமையக்காரிதான் கொன்னிருப்பா. அம்புட்டு ருசியா ஆக்கும்போதே எனக்குச் சந்தேகம்" என்றாள் முத்துச்செல்வி. சிரித்தார்கள். சோணைமுத்து சிரிக்கவில்லை.

அவருக்கு அந்தத் துப்பறிகிறவன் மேல் தனிப் பிரியம். இங்கே ஒரு ஷெட்டே எரிந்தாலும் யாரால் எரிந்தது என்று ஒருத்தனும் உருப்படியாகச் சொன்னதில்லை. அவன் செருப்புச் சேற்றைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுகிறான்.

இவரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குருவம்மாளிடம் வந்ததும் கண் நின்றது. வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள். வீட்டுக்காரன் இடுப்பொடிந்து படுத்திருக்கிறான் என்று கெஞ்சிச் சேர்ந்தவள். சோணைமுத்து கண்ணாடியை மறந்து வந்ததாகச் சொல்லி, இன்று காலையிலும் பொன்மணியைத்தான் வருகைப் பதிவு வாசிக்கச் சொல்லியிருந்தார். கடைசிப் பெயர் இவளுடையது.

"நேத்துப் பொஸ்தகம் ஒங்கையிலதான இருந்துச்சு?"

"இருந்துச்சு அண்ணாச்சி."

"எதுக்கு எடுத்த?"

குருவம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"முழிக்கிற முழியைப் பார்த்தீகளா?"

"விடுங்க அண்ணாச்சி. ஒரு தாளுதான" என்றாள் பொன்மணி.

"தாளை எடுத்தவ நாளைக்கு வெடிமருந்தையும் அள்ளிட்டுப் போவா. இந்தா பாரு, நாளையில இருந்து நீ கம்பெனி வேன்ல ஏற வேண்டாம்."

யாரும் நிமிரவில்லை. அவள் சோற்றைத் தொடாமல் வாளியை மூடிக்கொண்டு எழுந்து போனாள். சோணைமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

சாயந்திரம் வேன் புறப்படுகிற நேரத்தில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவள் அவரிடம் வந்தாள். முந்தானையை அவிழ்த்து, பசை காய்ந்த ஒரு குழாயை அவர் கையில் வைத்தாள்.

"என்னது இது?"

"கடைசித் தாளு அண்ணாச்சி."

"நான் அப்பவே சொல்லல?"

"மொத நாளு நீங்க எனக்கு மாதிரிக்குச் சுருட்டிக் காட்டுனீகள்ல, அதுதான். பொஸ்தகத்துலயே வச்சிரலாம்னு நேத்துப் பிரிச்சுப் பார்த்தேன், கிழியுது."

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. எந்தக் கட்டிலிருந்து கிழித்தோம் என்பதே நினைவில் இல்லை. காது சுட்டது.

"இதை அங்கனயே சொல்றதுக்கு என்ன?"

வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னால எப்படி அண்ணாச்சி சொல்ல?"