கையை மறந்த வக்கீல்

அந்நியரை விரட்டும் கட்சியின் வக்கீல் கிராம்ஸோவ். ஜெர்மன் மண்ணில் அந்நியர் கால் படக் கூடாதென்று சட்டம் எழுதியவர். கையை எழுத மறந்துவிட்டார், பெரிய மேதை. அதனால்தான் நாகர்கோவிலில் உட்கார்ந்தபடி, அவர் வீட்டு இயந்திரக் கைகளை இயக்கி நான் அவரைக் குளிப்பாட்டிவந்தேன்.

விஷயம் தெரிந்ததும், கைகளையும் தடைசெய்யத் திருத்தம் எழுதினார். தள்ளாத வயதில் பேனா அவர் விரலில் நிற்கவில்லை. நான்தான் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்தேன்.

“‘உடனடியாக அமலுக்கு வரும்’னு இருக்கே. ஒரு மாசம் தள்ளிப் போடுங்க ஐயா,” என்றேன்.

“ஒரு நாள்கூடக் கிடையாது.”

இன்று காலை அவரைக் கழிவறையில் உட்காரவைத்தேன். கழுவிவிடக் குனிந்தபோது கைகள் நின்றுவிட்டன.

காதைத் தடைசெய்ய மறந்திருக்கிறார். முதல்முறையாக என் பெயரைச் சொல்லி, “ஜெசிந்தா, ஜெசிந்தா” என்று அவர் கூப்பிடுவது நன்றாகவே கேட்கிறது.