சிங்கராஜா அறக்கட்டளையின் முதல் உதவி

சிங்கராஜா ஆட்சிக்கு வந்து நாற்பது வருஷமாகிவிட்டது. அவருடைய பொதுத்தொண்டைப் பாராட்டி, காட்டில் அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். செயலாளர் நரி. கால் ஊனமான பிராணிகளுக்கு மாதாமாதம் ஒரு கட்டுப் புல் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று.

முதல் ஆளாக ஒரு நொண்டி மான் வந்தது.

"கால் எப்படிப் போச்சு?" என்று நரி கேட்டது.

"ராஜா துரத்தினப்போ பள்ளத்துல விழுந்துட்டேனுங்க."

நரி கொஞ்சம் யோசித்து, 'மன்னரைச் சந்தித்தபோது ஏற்பட்டது' என்று எழுதிக்கொண்டது. "நாளைக்கு விழா. ராஜா கையாலேயே புல்லை வாங்கிக்கணும்."

"ஐயா, புல்லை இங்கேயே போட்டுடுங்களேன். அவர் போனப்புறம் எடுத்துக்கிறேன்."

"அது மரியாதை இல்லை" என்றது நரி.

மறுநாள், பசி தாங்காமல் மான் நொண்டிக்கொண்டே மேடையேறியது. சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்தில் தானாக என்னைத் தேடி வந்தவள் நீ ஒருத்திதானம்மா!" என்று உருகியபடியே உதட்டை நக்கிக்கொண்டு கையை நீட்டியது.

அவ்வளவுதான். மான் மேடையிலிருந்து ஒரே தாவாகத் தாவி, நாலு கால் பாய்ச்சலில் ஓடி மறைந்தது.

கூட்டம் திகைத்து நின்றது. நரி மட்டும் சட்டென்று மைக்கைப் பிடித்தது.

"பார்த்தீர்களா! ராஜா கை நீட்டியதுமே கால் குணமாகிவிட்டது!"